நடுவில் செருகணும்னா லிங்க்டு லிஸ்டா? யார் சொன்னது?

அக்கா மகள் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. பட்டியலின் நடுவே அடிக்கடி எண்களைச் செருக வேண்டுமானால் எது ஏற்றது, அரேயா (மெமரியில் எண்களை அடுத்தடுத்து ஒட்டி வைப்பது) லிங்க்டு லிஸ்டா (எண்களை அங்கங்கே வைத்து, ஒவ்வொன்றிலும் அடுத்தது எங்கே என்ற முகவரியையும் எழுதி வைப்பது) என்று கேள்வி. "பெரும்பாலும் அரே" என்று எழுதி, நாலு வரியில் காரணமும் சொல்லியிருந்தாள். நாலு வரிக்கும் சேர்த்துச் சிவப்பு மையில் ஒரே கோடு. இரண்டு மதிப்பெண்ணுக்குப் பூஜ்யம். போய்க் கேட்டதற்கு, "நோட்ஸ்ல இருக்கறத எழுதும்மா" என்று அனுப்பிவிட்டார்களாம்.

வயிறு எரிகிறது. பதினைந்து வருடமாக புரோகிராம் எழுதித்தான் சோறு தின்கிறேன். அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி!

நோட்ஸில் விடை லிங்க்டு லிஸ்ட். அதில் செருகும் வேலை ஓ(1), அதாவது பட்டியல் எவ்வளவு நீண்டாலும் வேலை ஒரே அளவு என்று போட்டிருக்கிறார்கள். சரி, செருக வேண்டிய இடத்தை யார் தேடித் தருவது? முதல் நோடிலிருந்து (ஓர் எண்ணும் அடுத்ததன் முகவரியும் சேர்ந்த ஒரு கண்ணி) ஒவ்வொன்றாக நடந்துதானே போகணும்? அந்த நடைக்கு ஓ(என்), அதாவது பட்டியல் நீள நீள வேலையும் கூடிக்கொண்டே போகிறதே, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதுவும் என்ன நடை! அரே என்றால், மாசி வீதியில் வரிசையாக இருக்கிற பதினாறு கடையையும் ஒரே நடையில் முடித்துவிடுகிற மாதிரி. லிங்க்டு லிஸ்டில், முதல் கடைக்காரர் "அடுத்த கடை அனுப்பானடியில்" என்று சீட்டுக் கொடுப்பார். அனுப்பானடிக்குப் போனால் "பழங்காநத்தம்" என்பார்கள். அங்கிருந்து ஊமச்சிகுளம். இன்றைய பிராசஸர் பெரும்பாலும் மெமரியிலிருந்து 64 பைட்டாகத்தான் கேஷுக்கு (பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்ன, வேகமான மெமரி) இழுக்கும். நாலு பைட் எண்கள் அரேயில் இருந்தால் ஒரே இழுப்பில் 16 எண் வந்துவிடும். லிங்க்டு லிஸ்டில் அதே எண்ணுடன் அடுத்த நோடின் முகவரியான 8 பைட் பாயின்டரும் ஒட்டிக்கொள்ளும். 64 பிட் லினக்ஸில் மாலக் (சி மொழியில் மெமரியில் இடம் கேட்பது) போட்டால் ஒரு நோடுக்கு வழக்கமாக 32 பைட் போகிறது. நாலு பைட் சரக்குக்கு!

நியூவெல், ஷா, சைமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1955-56இல் லிங்க்டு லிஸ்டைக் கொண்டுவந்தபோது கணினியில் கேஷே கிடையாது. அன்றைய கணக்கை வைத்து இன்றைய பிள்ளையின் தாளில் கோடு போடலாமா?

லிங்க்டு லிஸ்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னலில் நிறைய இருக்கிறது. நோடின் முகவரி முன்பே கையில் இருக்கிற இடங்களில் அது தங்கம். ஆனால் கேள்வியில் அப்படி ஒரு வார்த்தை இல்லையே.

ராத்திரி அவள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஒரு லட்சம் எண்கள், ஒவ்வொன்றையும் முதலிலிருந்து இடம் தேடி வரிசை குலையாமல் செருகணும். அரே சட்டென்று முடித்துவிட்டது. லிங்க்டு லிஸ்டைத் தட்டிவிட்டு, அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அப்போதும் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.

"திங்கக்கிழமை அடுத்த டெஸ்ட் மாமா. திரும்ப இதே கேள்வி வந்தா எதை எழுத?" என்றாள். நோட்ஸில் உள்ளதை எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.