கொலோசெயர் 3:23 யாருக்குச் சொன்னது?

மேல ஒருத்தர், "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்"ங்கிற கொலோசெயர் 3:23 (பைபிள்ல, கொலோசெ ஊர் சபைக்குப் பவுல் எழுதின கடிதம்) முழுநேர ஊழியக்காரங்களுக்கு, அதாவது சபை வேலையையே முழுநேரமா செய்யுறவங்களுக்கு மட்டும் சொன்னது, மத்தவங்க வேலையெல்லாம் வெறும் பிழைப்புன்னு போட்டிருக்காங்க, நிறைய பேர் ஷேரும் பண்ணிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க பிரதர், அந்த இடத்துல அப்படி இல்ல.

அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க, 22 "வேலைக்காரரே"ன்னுதான் ஆரம்பிக்குது. அந்தக் காலத்துல அவங்க அடிமைங்க, இந்த வேலை வேணாம்னு விட்டுட்டுப் போகக்கூட முடியாதவங்க. எஜமான் பாக்குறப்ப மட்டும் வேலை செய்யுற மாதிரி காட்டிக்காதீங்கன்னு பவுல் அவங்ககிட்டதான் சொல்றாரு, அதைத் தொடர்ந்துதான் 23 வருது, 24-ல பலன் கர்த்தர்கிட்ட இருந்து வரும்னும் அவங்களுக்கேதான் சொல்றாரு (இந்த 24-ஐ யாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கிறதில்ல, ஏனோ).

நீங்களே செக் பண்ணலாம், 3:18-ல இருந்து 4:1 வரைக்கும் ஒரே மூச்சுல படிங்க. மனைவி, புருஷன், பிள்ளைங்க, அப்பா, வேலைக்காரர், எஜமான்னு வீட்டு ஆளுங்கதான் வரிசையா வர்றாங்க. ஊழியத்தைப் பத்தி அர்க்கிப்புங்கிற ஊழியருக்குச் சொல்றது தனியா 4:17-ல இருக்கு. பவுலோட இன்னொரு கடிதமான எபேசியர் 6:5-8-லயும் இதே விஷயம், அதே ஆளுங்களுக்குத்தான்.