பனியன் ஊரின் விறகுக் கணக்கு

ஆடி வந்தால் பல்லடம் பக்கம் காற்று ஆளையே தள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அது. அப்பிச்சி தோட்டத்து வரப்பில் நின்றால் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும். அவற்றில் பனியன் கம்பெனிக்காரர்களும் நூல் மில்காரர்களும் போட்டவை நிறைய. எங்கள் திருப்பூர்ச் சட்டை காற்றில் தைத்தது என்று பெருமை பேச எனக்கும் பிடிக்கும்.

போன வாரம் மச்சானின் சாயப்பட்டறைக்குப் போனேன். வாசலில் விறகு லாரி. எதுக்குங்க மச்சான் இவ்வளவு விறகு என்றேன். "கரண்டு காத்துல வந்துரும் மாப்ள, ஆவிக்கு என்ன பண்றது?" என்றார்.

இந்த விறகின் கதை ஆற்றில் தொடங்குகிறது. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் வந்தது, பாசனத்துக்கென்று. தேங்கியதோ சாயத்தண்ணீர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்றது சரிதான், இன்றும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை நடத்திக் காட்டுவது லேசில்லை. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரிக்கக் கரண்டு வேண்டும். மிஞ்சும் உப்புத்தண்ணீரை வற்றக் காய்ச்ச நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும். நொய்யலுக்குப் போட்ட பாரத்தில் பாதியைப் புகைபோக்கிக்கு மாற்றியிருக்கிறோம்.

தொழிலா ஆறா என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த 2011-இல் இரண்டுமே படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். என் குறை வேறு. பசுமை ஆற்றல் என்றாலே நாம் கரண்டை மட்டும் நினைக்கிறோம், சூட்டை மறந்துவிடுகிறோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பெரும்பாலும் 60 டிகிரி, சில சாயத்துக்கு 80. அறுபது டிகிரித் தண்ணீரைக் கோயம்புத்தூரில் எத்தனையோ வீட்டு மொட்டைமாடியில் வெயிலே காய்ச்சித் தருகிறதே! உப்புத்தண்ணீரை வற்றவைக்க அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரையாவது வெயிலில் சூடாக்கி அனுப்பினால் அந்த அளவுக்கு விறகு மிச்சம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். சோலார் பேனலுக்கு என்றால் வங்கியில் கூப்பிட்டுக் கடன் தருகிறார்களாம், சுடுதண்ணீருக்கு என்றால் முழிக்கிறார்களாம். கூரையிலும் இடமில்லை, பேனல் ஏறிவிட்டது. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, கையில் இருக்கும் ஆர்டர் முடியட்டும், ஒரே ஒரு மெஷினுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றார். புரட்டாசியில் போய்க் கேட்க வேண்டும்.