வட்டியில் வெட்டும் வரி
இலங்கையில் வருட வருமானம் 18 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வருமான வரி இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து இதுதான் சட்டம். சரி, நல்லது. அப்படியென்றால் விசுவமடுவில், நெல் விற்ற காசை நிலையான வைப்பில் போட்டிருக்கும் என் பெரியம்மாவின் வட்டியில் ஏன் 10 வீதம் வெட்டுகிறார்கள்? முந்தி 5 வீதம். அதே ஏப்ரலில்தான் இரட்டிப்பாக்கினார்கள்.

வருமானம் அந்த 18 லட்சத்துக்குள்தான் என்று தானே எழுதிக் கையெழுத்திடும் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டமாட்டார்களாம். அதை வங்கியே முதலில் சொல்ல வேண்டாமா? கேட்டால், "இணையத்தில இருக்கு, நிரப்பிக்கொண்டு வாங்கோ அம்மா" என்கிறார்கள். வயது போன மனுசி பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், கடையில் காசு கொடுத்து அச்செடுத்து, நிரப்புவதற்கு ஆள் தேட வேண்டும். வெட்டிய காசைத் திருப்பிக் கேட்பதென்றால் அது இன்னொரு அலைச்சல்.

சவர்க்காரம் வாங்கினாலும் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிற சனம் இது. வரி கட்டத் தேவையில்லாதவர்கள் அதை நிரூபிக்க ஏன் அலைய வேண்டும்? வைப்பில் போடும் அன்றைக்கே, வங்கி மேசையிலேயே, தமிழில் ஒரு பக்கப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.