பிக்சல் காணாத படத்தைப் பெருப்பித்துக் கப்பில் அடிக்காதீர்கள்

“வட்ஸ்அப்பில போட்டுவிடுங்கோ, நாங்கள் பார்த்துச் செய்வம்.” யாழ்ப்பாணத்தில் கப், கடிகாரம், தலையணை உறை என்று படம் அடித்துத் தருகிற கடைகளில் இதைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னத்தைப் பார்க்கிறீர்கள்? அந்தப் படம் எத்தனை பிக்சல், அதாவது எத்தனை சின்னப் புள்ளிகளால் ஆனது என்று ஒருதரம் பார்த்திருந்தால் எங்கள் அம்மம்மாவின் முகம் அப்படி வந்திருக்குமா?

அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு, செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் கப் அடிக்கக் கொடுத்தோம். 1995 இடப்பெயர்வில் ஆல்பங்கள் எல்லாம் போய், அம்மம்மாவின் இளவயதுப் படமென்று மிஞ்சியது இரண்டு அங்குல உயரத்தில் ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். அதை 1200 டிபிஐயில், அங்குலத்துக்கு 1200 பிக்சல் என்ற கணக்கில், ஸ்கான் பண்ணி, அதாவது 2400 பிக்சல் உயரத்தில், பென் டிரைவில் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஆனால் விலை கேட்கும்போது இப்போதைய ஆல்பத்துப் பக்கத்தோடு சேர்த்துப் போனில் எடுத்து அனுப்பிய படம் கடைக்காரத் தம்பிக்கு லேசாகக் கிடைத்தது. அம்மம்மா இருந்த மூலையை மட்டும் வெட்டி, பெருப்பித்து, அதையே அடித்துவிட்டார். கண் இருந்த இடத்தில் கறுப்பாய் இரண்டு கட்டங்கள், மூக்குத்தியைக் காணோம், சேலைக் கரை படிக்கட்டு மாதிரி வெட்டுவெட்டாய்.

“போனில வடிவாத்தானே அக்கா இருந்தது” என்கிறார். போனில் எந்தப் படம்தான் வடிவாய் இராது? கையில் வைத்துப் பார்க்கிற பொருளுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சுத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கப்பில் மூன்று அங்குல உயரத்துக்கு முகம் வேண்டுமென்றால் 900 பிக்சல் வேண்டும், வெட்டி எடுத்த அந்தத் துண்டில் 250கூட இருந்திராது. போதாததற்கு, சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தின் அளவையும் குறைத்து, அமுக்கியும்தான் அனுப்புகிறது.

சரி, பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபம். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று போட்டோஷொப்பில் காட்டுகிற எண்ணை 72 இலிருந்து 300 ஆக்கினாராம். பிக்சலைக் கூட்டாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் ஒன்றுமே கூடாது. பிக்சலைக் கூட்டினாலும் அது கொம்பியூட்டர் பக்கத்து நிறங்களைப் பார்த்து இட்டு நிரப்புவதுதான். “ஏஐயில போட்டுக் கிளியராக்கித் தரட்டா?” என்று வேறு கேட்டார். அது இல்லாத கண்ணையும் இல்லாத உதட்டையும் ஊகித்து வரைகிற வேலை. யாரோ ஒரு பெண்ணின் முகத்தை எங்கள் அம்மம்மா என்று சொந்தக்காரருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஓடர் எடுக்கும்போதே படத்தின் அளவைப் பாருங்கள். காணாதென்றால் காணாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், சின்னதாய் அடிப்பதா வேறு படம் தேடுவதா என்று நாங்கள் முடிவெடுக்கிறோம். வட்ஸ்அப்தான் வசதியென்றால் டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. பென் டிரைவில் கொண்டுவந்து தந்தால் தயவுசெய்து அதைத் திறந்து பாருங்கள்.