நண்டு எண்ணுவது வெட்டி வேலை இல்லை

அந்த வீடியோவை நான் மறுபடி பகிரப்போவதில்லை. மூன்று நாளாக எல்லோர் போனிலும் அதுதான் ஓடுகிறது. மேடையில் ஒருவர், “சேத்துல எறங்கி நண்டு எண்றதுக்கு சம்பளமாம்” என்கிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் 11 பேர் எனக்கு நேரில் பழக்கமானவர்கள். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களும் அதில் உண்டு.

இரண்டு வருடம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஆய்வுக்காக நண்டு வளை எண்ணியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. இதைத் தவிர எனக்குச் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று வருடக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி அள்ளினார்கள். அலையை முன்னால் நின்று வாங்க எதுவும் இல்லாமல் போனதும் தீவு கரைந்தது. எவரோ படகில் போய் 21 என்று குறித்து வைத்திருந்ததால்தான் இரண்டைக் காணோம் என்று இன்று சொல்ல முடிகிறது. குறிக்காமல் விட்டிருந்தால் 19 தீவு என்றே நம் பிள்ளைகள் படித்திருப்பார்கள்.

பிச்சாவரத்துக்கே வருகிறேன். அங்கே காட்டின் நடுவில் பெரிய பெரிய இடங்கள் மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடந்தன. ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிந்தது என்று ரொம்ப காலம் பழி சொன்னார்கள். அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் உப்பையும் அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூப்புப் போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் வெயில் நேராக மண்ணில் அடித்து, ஈரம் வற்றி, தரை தாழ்ந்து பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போனது. எந்தக் கன்று பிழைக்கும்? வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதநீர் (கடல் ஏறி இறங்கும்போது வந்துபோகும் தண்ணீர்) போய்வர வழிசெய்து, பிறகு கன்று நட்டார்கள். காடு திரும்பி வந்தது. அளந்ததால் வந்தது. ஏழைகள் மேல் சுமத்திய பழி இறங்கியதும் அளந்ததால்தான்.

சரி, நண்டு எதற்கு? அந்தக் கெட்டிச் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்குவது பெரும்பாலும் நண்டு வளை வழியாகத்தான். சில நண்டுகள் உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துப்போய்த் தின்னும், மிச்சம் மண்ணுக்கு எருவாகும். வளை குறைந்தால் சேறு மூச்சு விடவில்லை என்று பொருள். மரம் பட்டுப்போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்கி, சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் வளைகளை எண்ணி எழுத வேண்டும். சிப்பி கிழித்த தழும்பு என் இடது பாதத்தில் இன்னும் இருக்கிறது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டு ஒருநாள் முழுக்க ஈரத்துணியோடு கிடந்திருக்கிறேன். ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. அம்மாவும் இதே வார்த்தையைத்தான் கேட்டார், “நண்டு எண்ணவாடா படிச்சே?” என்று. அம்மா கேட்டது என் வயிறு காய்வதைப் பார்க்கப் பொறுக்காமல். அந்த மேடைக்காரருக்கு என்ன கவலை?

“சோத்துக்கு வழியில்லாத நாட்டுல இது தேவையா” என்று பின்னூட்டம் வரும், தெரியும். சோறு எங்கிருந்து வருகிறது? இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது இந்த வேர்களுக்கு இடையில். பக்கத்து மீனவ ஊர்களான கிள்ளை, முடசல் ஓடைப் பக்கம் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

“அறிக்கை எல்லாம் அலமாரியில தூங்குதே” என்பீர்கள். சில தூங்குகின்றன, மறுக்கவில்லை. பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்காக ஒதுக்கினார்களே, அது மேயும் கடல்புல் எங்கே இருக்கிறது என்று முங்கிப் பார்த்தவர்கள் இல்லாமலா?

“மீனவருக்குத் தெரியாததா?” என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இதுதான் வலிக்கிறது. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தீர்கள்? எங்களுக்குத் துடுப்புப் போட்ட அண்ணன் முதல் வாரமே ஒரு திட்டைக் காட்டி, “இங்க மண்ணு மாறிடுச்சு தம்பி, வளை கம்மியாத்தான் இருக்கும்” என்றார். எட்டு மாதம் எண்ணினேன். அவர் சொன்னபடியே இருந்தது. அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடக் கூடாது என்பதற்குத்தான் எண்ணி எழுதுவது. எழுதாத அறிவை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்பது?

கோவை சலீம் அலி பறவையியல் ஆய்வு மையத்தில் ஆய்வாளராக இருந்த பூபதி 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது தவறி விழுந்து இறந்தார். வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே கிடக்கும் ஒரு தவளை ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்தபோது, 2017-ல் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் வீட்டில் இருப்பவர்கள் கண்ணிலும் இந்த வீடியோ பட்டிருக்குமோ என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அறிக்கையில் அந்த அண்ணன் பெயர் வரவில்லை. “உள்ளூர் உதவியாளர்” என்று இரண்டு சொல்லோடு முடித்துவிட்டார்கள். நான் சின்னப் பையன், ஒரு தடவை கேட்டேன், விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. காலம் முழுக்கச் சேற்றில் நின்றவர் அவர், நான் இரண்டே வருடம்.

இன்று காலை அவருக்குப் போன் பண்ணினேன். டீக்கடையில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம். இந்தப் பதிவிலாவது உங்கள் பெயரைப் போடுகிறேன் அண்ணே என்றேன்.

“வேணாம் தம்பி. இப்பவே நண்டு எண்ணிங்கிறானுவ” என்றார்.