‘வேண்டுமென்றே’ எங்கே நிற்க வேண்டும்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று நம் கரையோரம் முழுக்க ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டிய தேவை ஓயாமல் இருக்கிறது. படகுச் சேதம், வலை அறுப்பு, இன்ஜின் பறிமுதல், இன்ஷூரன்ஸ், அக்கரையில் நடக்கும் வழக்குக்குத் தரும் விளக்கம் என்று எதை எடுத்தாலும் பாசிவ் வாய்ஸ்தான், அதாவது செயப்பாட்டுவினைதான். யார் செய்தார் என்பது பல நேரம் தெரியாது, என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல முடியும். அப்படி எழுதும்போது ‘வேண்டுமென்றே’, ‘முழுமையாக’ போன்ற அட்வெர்ப் (வினையடை) ஒரு சொல் தள்ளி உட்கார்ந்தாலும் மனுவின் பொருளே புரண்டுவிடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“உரிமையாளருக்கு வேண்டுமென்றே தகவல் தெரிவிக்கப்படவில்லை.” தமிழில் இதில் குழப்பமே கிடையாது. மறைத்தார்கள், அதுவும் தெரிந்தே மறைத்தார்கள் என்று யாருக்கும் புரியும். இதையே ஆங்கிலத்தில் “தி ஓனர் வாஸ் நாட் டெலிபரேட்லி இன்ஃபார்ம்டு” என்று எழுதினால், ‘தகவல் சொல்லத்தான் செய்தார்கள், ஆனால் வேண்டுமென்று சொல்லவில்லை’ என்று படித்துக்கொள்ள இடம் உண்டாகிறது. புகாரே அங்கே செத்துப்போகிறது. எழுத வேண்டியது: “தி ஓனர் வாஸ் டெலிபரேட்லி நாட் இன்ஃபார்ம்டு.” ஆங்கிலத்தில் ‘நாட்’ தனக்குப் பின்னால் வருவதைத்தான் மறுக்கும். ‘டெலிபரேட்லி’யை அதற்குப் பின்னால் வைத்தால் முதலில் அடிபடுவது அந்தச் சொல்தான்.

தமிழில் மறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது: படவில்லை. அதனால் அடைமொழியை மறுக்கிறோமா, செயலையே மறுக்கிறோமா என்பதைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். “முழுமையாகப் பரிசோதிக்கப்படவில்லை” என்றால் அரைகுறையாகப் பார்த்தார்கள் என்றும் கொள்ளலாம், பார்க்கவே இல்லை என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் “வாஸ் நாட் கம்ப்ளீட்லி செக்டு” என்றால் கொஞ்சம் பார்த்தார்கள் என்றே பொருள். பார்க்கவே இல்லையென்றால் “வாஸ் நாட் செக்டு அட் ஆல்”. இன்ஷூரன்ஸ் தாளில் ஹல், அதாவது படகின் உடல்பகுதி பற்றி, “தி ஹல் வாஸ் நாட் கம்ப்ளீட்லி டேமேஜ்டு” என்று எழுதிவிட்டு முழு இழப்பீடு கேட்க முடியாது. கொஞ்சம்தான் சேதம் என்று எழுதியவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

சரி, ‘நாட்’ இல்லாத வாக்கியங்களுக்கு வருவோம். வாய்ஸ் மாற்றும் பாடத்தில் நாம் சொல்லித்தருவது நான்கு அடிகள்: ஆப்ஜெக்டை முன்னால் கொண்டுவா, ‘வாஸ்’ போன்ற ஹெல்ப்பிங் வெர்ப் (துணைவினை) போடு, வெர்பின் மூன்றாம் வடிவத்தைப் போடு, ‘பை’ போட்டுச் செய்தவரைக் கடைசியில் வை. அட்வெர்ப் எங்கே போகும் என்று ஐந்தாவதாக ஒரு அடி இருக்க வேண்டும். அது இல்லாததால் “தே ரிப்பேர்டு தி இன்ஜின் ப்ராப்பர்லி” என்பதை மாணவர் “தி இன்ஜின் வாஸ் ரிப்பேர்டு பை தெம் ப்ராப்பர்லி” என்று திருப்புகிறார். ஆக்டிவில் வாலில் இருந்ததை வாலிலேயே விட்டுவிடுகிறார். இதை இலக்கணப் பிழை என்று அடிக்க முடியாது, ஆனால் சொல் தன் வினையை விட்டு விலகித் தொங்குகிறது. ‘பை’க்குப் பின்னால் வருவது நீண்டுவிட்டால் இன்னும் மோசம். சட்டவிரோதமாகப் படகு பிடிக்கப்பட்டது என்று சொல்ல வந்தவர், ‘இல்லீகலி’யை ரோந்துப் படகின் பெயர், இடம், நேரம் எல்லாவற்றுக்கும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டால், படிப்பவர் அங்கே வந்து சேர்வதற்குள் அதன் வலு போய்விடும். “தி போட் வாஸ் இல்லீகலி சீஸ்டு” என்று முதல் ஐந்து சொல்லிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இதில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது என்பதை ஏன் வகுப்பில் சொல்வதில்லை? “சரியாகப் பழுதுபார்க்கப்பட்டது” என்பதில் ‘சரியாக’வின் பக்கத்து வீடு ‘பழுதுபார்’. ‘பட்டது’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் ‘பட்டது’வின் வேலையைச் செய்யும் ‘வாஸ்’ மட்டும் முன்னால் போய்விடுகிறது. ‘ப்ராப்பர்லி ரிப்பேர்டு’ என்ற ஜோடி அப்படியே இருக்கிறது. எப்படி, எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அட்வெர்பை மூன்றாம் வடிவத்துக்கு நேர் முன்னால் வைத்தால் போதும். 1964 டிசம்பர் புயலை வைத்தே சொல்லித்தரலாம்: “தனுஷ்கோடி வாஸ் கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்டு.” “தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் பேட்லி டேமேஜ்டு.” அதே பாலம் 46 நாளில் சரிசெய்யப்பட்டது: “இட் வாஸ் குவிக்லி ரெஸ்டோர்டு இன் 46 டேஸ்.” எங்கே, எப்போது, எத்தனை நாளில் என்பதெல்லாம் இப்படி வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்.

‘வெல்’ என்ற சின்னச் சொல்லும் இங்கே கவனிக்க வேண்டியது. வல்லம் என்னும் நாட்டுப் படகை ஒருவர் நன்றாகக் கட்டினார் என்பதை ஆக்டிவில் “ஹி வெல் பில்ட் தி வல்லம்” என்று எழுதவே கூடாது, ‘வெல்’ கடைசியில்தான் வரும். பாசிவில் “தி வல்லம் வாஸ் வெல் பில்ட்” என்று தாராளமாக முன்னால் வரலாம்.

ஹெல்ப்பிங் வெர்ப் ஒன்றே ஒன்று இருக்கும்வரை எல்லாம் சுலபம், ஏனென்றால் அதற்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் இடம். இரண்டு வந்தால்தான் தடுமாற்றம். ‘ஹேஸ் பீன் டேமேஜ்டு’ என்பதில் இரண்டு சந்துகள் இருக்கின்றன. எப்படி, எவ்வளவு என்பது இரண்டாவது சந்தில் வரும்: “ஹேஸ் பீன் பேட்லி டேமேஜ்டு.” ஏற்கெனவே, எப்போதும், அடிக்கடி, அநேகமாக என்பவை முதல் சந்தில்: “ஹேஸ் ஆல்ரெடி பீன் ரிப்போர்ட்டடு.” நம் ஊர்க் கடிதங்களில் “ஹேஸ் பீன் ஆல்ரெடி ரிப்போர்ட்டடு” என்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பொருள் புரியும், ஆனால் கவனமாக எழுதுபவர் திருத்திவிடுவார். “ஹேஸ் பேட்லி பீன் டேமேஜ்டு” என்பதோ காதுக்கே ஒட்டாது. இரண்டு சந்தும் நிறைந்த வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டால் வாழ்நாளுக்கும் போதும்: “தி போட் ஹேஸ் ஆல்ரெடி பீன் பேட்லி டேமேஜ்டு.”

‘கேன் பீ’ வரும் இடத்தில் ‘ஈஸிலி’யை எந்தச் சந்தில் வைத்தாலும் சரிதான். ‘பீயிங்’ வரும்போது மெல்ல மெல்ல நடப்பதைச் சொல்லும் ‘ஸ்லோலி’ அதற்கு முன்னால் நிற்பதே இயல்பு: “தி ஷோர் இஸ் ஸ்லோலி பீயிங் இரோடட்.”

சந்து மாறினால் பொருளும் மாறும் சொற்கள் உண்டு. படகில் பதிவு எண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் “தி நம்பர் ஹேஸ் பீன் கிளியர்லி பெயின்டடு”. “தி நம்பர் ஹேஸ் கிளியர்லி பீன் பெயின்டடு” என்றால் எண் எழுதப்பட்டிருப்பது கண்கூடு என்று பொருள். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்பதைப் பற்றி அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. தூரத்திலிருந்து எண் தெரிந்ததா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஹெல்ப்பிங் வெர்பையும் மெயின் வெர்பையும் பிரிக்கவே கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்லித்தருகிறார்கள். அப்படி ஒரு சட்டம் ஆங்கிலத்தில் இல்லை. ‘டு’வையும் அதற்கு அடுத்த வினையையும் பிரிக்கக் கூடாது என்பவர்கள்கூட “டு பீ ப்ராப்பர்லி ரிப்பேர்டு” என்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. அதில் ‘டு’வும் ‘பீ’யும் ஒட்டித்தானே இருக்கின்றன.

‘மட்டும்’ விஷயத்தில் தமிழ் நம்மைத் தடுக்கிவிடுகிறது. “வலை மட்டும் அறுக்கப்பட்டது” என்பதில் ‘மட்டும்’ வலைக்குப் பின்னால் நிற்கிறது. அதைப் பார்த்து “தி நெட் ஒன்லி வாஸ் கட்” என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ எதைக் குறிக்கிறதோ அதற்கு முன்னால் நிற்க வேண்டும்: “ஒன்லி தி நெட் வாஸ் கட்.” “தி நெட் வாஸ் ஒன்லி கட்” என்றால் அறுத்ததோடு விட்டார்கள், எடுத்துப் போகவில்லை என்று பொருள் வரும்.

மனுவின் கடைசி வரியில் வரும் “யூ ஆர் கைண்ட்லி ரிக்வெஸ்டடு” என்பதையும் பாருங்கள். ‘கைண்ட்லி’ அங்கே ‘ரிக்வெஸ்டடு’க்கு முன்னால் நிற்பதால், கேட்கும் நாம் அன்பாகக் கேட்கிறோம் என்று ஆகிறது. தயவு அதிகாரியிடமிருந்துதானே வர வேண்டும்? “யூ ஆர் ரிக்வெஸ்டடு டு கைண்ட்லி ரிலீஸ் தி போட்” என்று நகர்த்தினால் தயவு படகை விடுவிக்கும் இடத்துக்கு வந்துவிடும். இன்னும் சுருக்கமாக “ப்ளீஸ் ரிலீஸ் தி போட்” என்று எழுதினாலும் மரியாதை குறையாது.