5 விநாடி முந்தினால் பழுது அல்ல

சிஓஎஸ்சி (சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வ கடிகாரச் சோதனை நிறுவனம்) தரும் குரோனோமீட்டர் சான்று, அதாவது துல்லியச் சான்று, உள்ள கைக்கடிகாரம் நாளுக்கு 5 விநாடி முந்தினால் பழுது, உடனே திருப்பிக் கொடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. அந்தச் சுவிஸ் சான்றுக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 3159 என்ற சர்வதேசத் தரத்தில், 20 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள கடிகார இயந்திரத்தின் சராசரி நாள் விலகல் −4 (பிந்துவது) முதல் +6 (முந்துவது) விநாடி வரை இருக்கலாம். 5 அதற்குள்தான். சோதனை நடப்பதும் வெளிக்கூட்டில் பொருத்தாத இயந்திரத்துக்கு: 15 நாள், 5 நிலைகள் (முகம் மேலே, பக்கவாட்டில் என வைக்கும் விதங்கள்), 8, 23, 38 டிகிரி செல்சியஸ் வெப்பம். கையில் கட்டிய பிறகு கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

நீங்களே பார்க்கலாம். முழுதாகச் சாவி கொடுத்து, விநாடி முள்ளை இணைய நேரத்தோடு ஒத்து வையுங்கள். இடையில் திருத்தாமல் 7 நாள் வழக்கம்போல் அணிந்து, அதே மணிக்கு மொத்த வித்தியாசத்தைக் குறித்து 7ஆல் வகுங்கள். ஒரே நாள் கணக்கை நம்பாதீர்கள். இரவில் முகம் மேலே வைத்தீர்களா, பக்கவாட்டில் வைத்தீர்களா என்பதே சில விநாடிகளை மாற்றிவிடும்.

திடீரென்று நாளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் முந்தினால் அது வேறு விஷயம். மயிர்ச்சுருளில் (கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் மெல்லிய சுருள்வில்) காந்தம் ஏறிச் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். முதலில் காந்தம் நீக்கச் சொல்லுங்கள், வேகம் திருத்துவது அப்புறம்.